கூரைக் கதவும் கத்தரிக்காயும்

வாழ்க்கையில் ஒரே ஒரு கதவையாவது யார் தயவும் இல்லாமல் நானே திறப்பது என்று போன குளிர்காலத்தில் ஒரு சபதம் எடுத்தேன். கதவு என்றால் வீட்டுக் கதவு இல்லை. அந்த அதிகாரம் கல்யாணமான அன்றே என் கையை விட்டுப் போய்விட்டது. நான் சொல்வது விளையாட்டுக் கதவு. அதாவது, தொலைக்காட்சித் திரையில் வருகிற கதவு.

ஜோர்டான் தலைநகர் அம்மானில், ஜபல் ஹுசைன் மேட்டில் எனக்கு ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை இருக்கிறது. தெருவில் பாதிப் பேர் நான் கொடுத்த கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறார்கள். நான் மட்டும் என் மனைவி ருதைனா காட்டுகிற உலகத்தைப் பார்க்கிறேன். எங்கள் மகன் ராக்கான் பிறந்த நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் சொந்தப் பெயர் போய்விட்டது. நான் அபூ ராக்கான், அதாவது ராக்கானின் அப்பா; அவள் உம்மு ராக்கான், ராக்கானின் அம்மா. அப்படிப் பெயரைக் கொடுத்தவன் தோஹாவில் வேலை கிடைத்துப் போய்விட்டான். போகும்போது தன் விளையாட்டுப் பெட்டியை என் மடியில் வைத்தான்.

"வாப்பா, வீடு வெறிச்சுன்னு இருக்கும். இத ஆடுங்க. பொழுது போறதே தெரியாது."

"எனக்குச் சுடத் தெரியாதுடா."

"சுடவே வேணாம். புதிர்தான். யோசிச்சாப் போதும்."

யோசிப்பது எனக்குப் பழகாத வேலைதான். ஆனாலும் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

அந்த விளையாட்டில் எதிரி இல்லை, துப்பாக்கி இல்லை, ஆளே இல்லை. ஒரு பழைய வீடு, அவ்வளவுதான். அதில் நாம் நடக்கிறோம். நம் உருவம் திரையில் தெரியாது. நம் கண் எதைப் பார்க்குமோ அதுதான் தெரியும். தொப்பை தெரியாது, வழுக்கை தெரியாது. எனக்கு அதுவே பாதி சந்தோஷம். எந்த இழுப்பறையையும் இழுக்கலாம், எந்த விசையையும் தட்டலாம், எந்தப் படத்தையும் நகர்த்தலாம். 'அத ஏன் தொட்டீங்க?' என்று கேட்க ஒரு ஜீவன் கிடையாது. கல்யாணமானவனுக்கு இதை விளையாட்டு என்று சொன்னால் போதாது. இது விடுதலை.

இன்னொரு ருசியும் அதில் உண்டு. ஒரு பூட்டைப் பார்த்து நாள் கணக்கில் முழிப்போம். கடையில் யாருக்கோ கண் பரிசோதிக்கும்போது கூட அந்தப் பூட்டுதான் மண்டைக்குள் ஆடும். திடீரென்று ஒரு கணத்தில், 'அட!' கதவு திறந்துவிடும். அந்த 'அட'வுக்காகத்தான் மனிதன் ஆடுகிறான். அதை யாரும் சொல்லிக் கொடுத்து வாங்க முடியாது. சொல்லிவிட்டால் போச்சு, என் தேநீரை வேறு ஒருவர் குடித்துவிட்டு ருசியை எனக்கு விவரித்த மாதிரி ஆகிவிடும்.

அங்கேதான் வந்தது வினை. ருதைனா கீரைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன இது, ஆளையே காணோம்?"

"நான்தான் ஆள்."

"எங்க?"

"என் கண்ணால பார்க்கிறோம் இப்ப. தன் முகம் தன் கண்ணுக்குத் தெரியுமா?"

"நல்ல ஏற்பாடு," என்றாள். கீரையை ஆய்ந்துகொண்டே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இந்த வீட்டுக்காரங்க எங்க போனாங்க?"

"தெரியாது."

"ஆள் இல்லாத வீட்டுல புகுந்து அலமாரியக் குடையறதுக்குப் பேரு புதிரா? நம்ம ஊர்ல போலீஸ்காரங்க அதுக்கு வேற பேரு வச்சிருக்காங்க."

"பேசாம கீரைய ஆயேன்."

"ஆயறேன். நீங்க அந்தப் புத்தக அலமாரிய நகர்த்துங்க."

"எதுக்கு?"

"தரையில கீறல் தெரியலையா? அடிக்கடி நகர்த்தியிருக்காங்க. அடிக்கடி நகர்த்துற அலமாரிக்குப் பின்னால எதையோ வச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

நகர்த்தினேன். பின்னால் ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவைத் தேடி இரண்டு நாளாக அலைந்துகொண்டிருந்தேன். என் 'அட' கீரைத் தட்டில் விழுந்து நசுங்கியது.

அதோடு நிற்கவில்லை. நான் பூட்டைப் பார்ப்பேன், அவள் வீட்டைப் பார்ப்பாள். "சமையலறைல எல்லாக் கோப்பையும் கழுவி வச்சிருக்கு, அந்த ஒண்ணு மட்டும் கழுவல பாருங்க. யாரோ அவசரமாப் போயிருக்காங்க." கோப்பைக்கு அடியில் சாவி இருந்தது. "இந்தத் திரைச்சீலை இந்த ஜன்னலுக்குத் தச்சது இல்ல, குட்டையா இருக்கு." திரைச்சீலைக்குப் பின்னால் விசை இருந்தது. அவளுக்கு விசையைப் பற்றியோ சாவியைப் பற்றியோ அக்கறையே இல்லை. அந்த வீட்டுக்காரர்கள் யார், எத்தனை பேர், ஏன் போனார்கள், திரும்பி வருவார்களா, அதுதான் அவளுக்கு வேண்டும். சாவி தானாகக் கிடைத்துக்கொண்டே இருந்தது.

"உம்மு ராக்கான், உன்னக் கையெடுத்துக் கும்பிடுறேன். இனிமே சொல்லாத. நானே கண்டுபிடிக்கிறேன்."

"சரி. சொல்லல."

சொல்லவில்லைதான். ஆனால் நான் சரியான இடத்துக்குப் பக்கத்தில் போனால் கீரை ஆய்கிற சத்தம் நின்றுவிடும். தப்பான பக்கம் திரும்பினால் மறுபடி தொடங்கும். காதைப் பொத்திக்கொண்டு ஆடினேன். அப்போது பெருமூச்சு விட்டாள். அது காதைப் பொத்தினாலும் கேட்கிற பெருமூச்சு.

அன்றைக்குத்தான் சபதம். கடைசிக் கதவு ஒன்றையாவது நான், நான் மட்டும், திறக்க வேண்டும். அதற்குத் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை வேண்டும். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட அறை ஒன்றுதான், விருந்தறை.

விருந்தறை என்றால் லேசுப்பட்ட இடம் இல்லை. தங்க விளிம்பு வைத்த நாற்காலிகள், அவற்றுக்கு உறை, உறைக்கு மேல் இன்னோர் உறை. விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும். வீட்டு ஆட்கள் உள்ளே உட்கார்ந்தால் நாற்காலிக்குத் தீட்டு. ராக்கான் அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்து, முதன்முதலாக அங்கே உட்கார்ந்தது தோஹாவிலிருந்து விடுமுறையில் விருந்தாளியாக வந்தபோதுதான். சாவி ருதைனாவின் இடுப்பில்.

"விருந்தறை விருந்தாளிக்குத்தான்," என்றாள்.

"அப்ப என்னையும் விருந்தாளின்னு வச்சுக்கோ."

கீரை ஆய்கிற சத்தம் நின்றது. "எத்தனை நாளைக்கு?"

"விளையாட்டு முடியிற வரைக்கும். முடிஞ்ச அன்னிக்கே சாவி உன் கையில."

"நடுவுல எனக்கு அறை வேணும்னா?"

விட்டேன் என் அம்பை. "வந்த விருந்தாளிய எழுந்திரின்னு சொல்ற வழக்கம் உங்க ஊர் கரக் பக்கத்துல உண்டா?"

"சீ சீ. எங்க பரம்பரையிலயே கிடையாது."

"வந்த காரியம் என்னன்னு விருந்தாளிகிட்டக் கேக்குறது?"

"அதுவும் கிடையாது. அவங்களாச் சொன்னாத்தான்."

"அவ்வளவுதான் விஷயம். நீ விளையாட்டப் பத்திக் கேக்கவும் கூடாது, சொல்லவும் கூடாது."

"வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்," என்றாள் ருதைனா. "ஆனா விருந்தாளின்னா விருந்தாளியாத்தான் இருக்கணும்."

சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். என் கணக்கு என்ன தெரியுமா? இந்த மாதிரி விளையாட்டு ஒரு வருஷம் கூட இழுக்கும். நிதானமாக ஆடினால் இரண்டு வருஷம். ஆக விருந்தறை எனக்குப் பட்டா போட்டாயிற்று. நேராக மேல்வீட்டு அபூ விசாமிடம் போய்ச் சொன்னேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் பேச்சைக் கேட்டு அவரும் அதே விளையாட்டை வாங்கி ஆடிக்கொண்டிருந்தார்.

"ஒரு அறையவே பிடிச்சிட்டியேப்பா," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எப்படிப் பேசின?"

"வழக்கத்த வச்சே மடக்கினேன். வேணும்னா நீயும் செய்."

மறுநாளே அவரும் செய்துவிட்டார். எங்கள் கட்டடத்தில் ஒரே வாரத்தில் இரண்டு விருந்தறைகள் விழுந்தன.

விருந்தாளியாக இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. முதல் நாள் மாலை கடையிலிருந்து வந்து, இரவு உடுப்பை மாட்டிக்கொண்டு விருந்தறைப் பக்கம் போனேன். ருதைனா வழியில் நின்றாள்.

"விருந்துக்கு இப்படியா வருவாங்க?"

மறுபடி கால்சட்டை, மேல்சட்டை, இடுப்பு வார். அறைக்குள் போனேன். அவள் பின்னாலேயே வந்து, எங்கள் ஊரில் விருந்தாளியை வரவேற்கிற முறைப்படி, "வீட்டுக்கே வெளிச்சம் வந்தாச்சு," என்றாள்.

"வெளிச்சம் உங்களாலதான்," என்றேன். வேறு என்ன சொல்வது? வாய் தானாகச் சொல்லிவிட்டது.

காப்பி வந்தது. ஒரு கோப்பை. குடித்தேன். மறுபடி ஊற்றினாள். குடித்தேன். மறுபடி ஊற்றினாள். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். எனக்கு ஒரு கையில் விளையாட்டுப் பிடி. ஆட்ட மறந்துவிட்டேன். ஊற்றிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு என் இதயம் கதவைத் தட்டிய தட்டில் விளையாட்டில் நாலு கதவு திறந்திருக்கும்.

பசித்தால் அடுப்படிக்குப் போக முடியாது. "ஐயா, விருந்தாளி அடுப்படிக்கு வரலாமா? எங்களுக்கு மானக்கேடு." தட்டில் வைத்ததை மிச்சம் வைக்கவும் முடியாது. "ஏன் ஐயா, சமையல் பிடிக்கலையா?" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வாள். முப்பது வருஷமாக என்னை 'ஐயா' என்று கூப்பிடாதவள். அந்த வார்த்தை ஒவ்வொரு தடவையும் எங்கேயோ போய்க் குத்தியது.

ஆனால் கதவு சாத்தியிருந்தது. கீரைச் சத்தம் இல்லை. பெருமூச்சு இல்லை. நான் மட்டும் அந்தப் பழைய வீட்டில் நடந்தேன். ஒவ்வொரு அறையாகத் தட்டுத் தடுமாறித் திறந்தேன். கடைசி அறைக்கு வந்து சேர்ந்தேன்.

கடைசி அறை காலி. நடுவில் ஒரு மேசை. மேசைமேல் ஒரு பித்தளை விளக்கு. அந்த விளக்கு அந்த வீட்டைப் போலவே செய்திருந்தது, அதே ஜன்னல், அதே மாடிப்படி. வெளியே போகிற கதவு எங்கே என்று பார்த்தால், கூரையில் இருக்கிறது! கைப்பிடியோடு, தாழ்ப்பாளோடு, எட்டவே எட்டாத உயரத்தில். ஏணி கிடையாது. மேசைமேல் ஏறினாலும் எட்டாது. விளக்கை இடது பக்கம் நகர்த்தினால் வீடு முழுக்க லேசாக அதிர்ந்தது. ஒரு தடவை கொஞ்சம் சாய்த்துப் பார்த்தேன். மேசை சரசரவென்று சுவரைப் பார்த்து ஓடியது. பயந்துபோய் உடனே நிமிர்த்திவிட்டேன். அடுத்தவர் வீட்டுப் பொருள் பாருங்கள்.

ஒரு வாரம் போனது. இன்னொரு வாரம் போனது. விளக்கை ஏற்றினேன், அணைத்தேன், துடைத்தேன், அதனோடு பேசக்கூடப் பேசினேன். கடையில் ஓர் அம்மாளுக்கு இடது கண் கண்ணாடியை வலது பக்கம் மாட்டிக் கொடுத்தேன். அவர் தெருவைக் கடக்கப் பட்ட பாட்டை எதிர்க்கடைக்காரர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை ருதைனா மக்லூபா செய்தாள். அரிசி, இறைச்சி, பொரித்த கத்தரிக்காய் எல்லாவற்றையும் சட்டியில் அடுக்கி வேகவைத்து, பெரிய தாம்பாளத்தில் சட்டியோடு கவிழ்ப்பது. வழக்கமாகக் கவிழ்க்கிற சடங்கெல்லாம் அடுப்படியோடு சரி. அன்றைக்குச் சட்டியையும் தாம்பாளத்தையும் விருந்தறைக்கே தூக்கி வந்தாள். என் மூக்குக்கு நேராக நின்று ஒரே திருப்பில் கவிழ்த்தாள்.

"அபாரம்," என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "என்ன தெரியுது ஐயா?"

"கத்தரிக்காய் நல்லா முறுகலா இருக்கு."

முகம் வாடியது. சோற்றில் போட்ட பாதாமைப் பற்றி நாம் சொல்லாததால் வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்தேன். "பாதாமும் பிரமாதம்," என்று சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காப்பிக் கோப்பைகள் எல்லாம் தட்டில் கவிழ்ந்தே வந்தன. எல்லாவற்றையும் நானே நிமிர்த்தி வைத்து உதவி செய்தேன். "சிரமப்படாதீங்க ஐயா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அதற்கடுத்த நாள் மேசை விரிப்பின் பூக்கள் எல்லாம் என்னைப் பார்த்துத் தலைகீழாகத் தொங்கின. அவசரத்தில் போட்டிருக்கிறாள், பாவம் என்று திருப்பிப் போட்டேன்.

அதற்கப்புறம் ஒரு மாலை உள்ளே நுழைந்ததும் திடுக்கிட்டேன். சுவரில் என் மாமனாரின் படம். தலைத்துணியும் முரட்டு மீசையுமாக இந்த முப்பது வருஷமும் என்னை முறைத்துக்கொண்டிருக்கிற அதே படம். அது தலைகீழாகத் தொங்கியது. மீசை மேலே, தலைத்துணி கீழே. மனுஷர் வானத்திலிருந்து என்மேல் பாய்கிற மாதிரி இருந்தது.

ருதைனா காப்பித் தட்டோடு வந்து நின்றாள். படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

நான் நாற்காலிமேல் ஏறி, மரியாதையோடு படத்தை நேராக்கினேன். கைக்குட்டையால் கண்ணாடியையும் துடைத்தேன். "பெரியவங்க இப்படித் தொங்கலாமா? ஆணி சரியில்ல போல," என்றேன்.

"ஐயாவுக்கு ரொம்பத் தங்கமான மனசு," என்றாள். தட்டை வைத்த வேகத்தில் காப்பி பாதி சிந்திவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நாட்களில் எனக்குச் சந்தோஷமே இல்லை. தங்க விளிம்பு நாற்காலியில் இடுப்பு வார் இறுக உட்கார்ந்து காலி வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வீட்டுச் சுவரில் மை தீரப் போகிற பேனாவால் யாரோ உயரம் குறித்த கோடுகள் தெரியும். 'ஒரு பையன் இருந்திருக்கான் பாருங்க,' என்று சொல்ல ஆள் இல்லை. தெருவில் எரிவாயு வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போகும். அதைக் கேட்டு அடுப்படியில் அவள் ஏதோ சொல்வாள், என்ன சொன்னாள் என்று கேட்காது. அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்ளலாமா என்று பல தடவை கை தாழ்ப்பாள் வரை போனது. சபதம் குறுக்கே நின்றது.

மேலே அபூ விசாமும் அதே அறைக்கு வந்து அதே கூரையைப் பார்த்து நின்றுவிட்டார். மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏதாவது வழி தெரிஞ்சுதா?"

"தலைகீழா நின்னு பார்த்துட்டேன், ஒண்ணும் நடக்கல."

எங்களைத் தாண்டி ருதைனா குப்பை வாளியோடு போனாள். அவள் தோள் குலுங்கியது. சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி மக்லூபா. மறுபடி என் மூக்குக்கு நேரே. சட்டியைக் கவிழ்த்தாள். ஆனால் சட்டியை எடுக்கவில்லை. நான் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க ஐயா. கவிழ்த்த உடனே தூக்கினா எல்லாம் சரிஞ்சிடும். அப்படியே விடணும். தானா இறங்கி உக்காரும்." சட்டியின் அடியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

நானும் சட்டியும் தனியாக இருந்தோம். பசி கண்ணை இருட்டியது. வேறு வேலை இல்லாமல் அந்தச் சட்டியையே பார்த்தேன். அடி மேலே இருந்தது. மேல்பக்கம் கீழே இருந்தது. உள்ளே சோறு இப்போது மூடிப் பக்கம் உட்கார்ந்திருக்கும். அடியில் இருந்த கத்தரிக்காய் உச்சிக்குப் போயிருக்கும். தரை கூரையாகவும், கூரை...

அட!

எழுந்த வேகத்தில் தங்க விளிம்பு நாற்காலி சாய்ந்தது. விளையாட்டுப் பிடியை எடுத்தேன். பித்தளை விளக்கை எடுத்து முழுதாகக் கவிழ்த்தேன். வீடு கிறுகிறுவென்று சுற்றியது. மேசை பறந்தது. பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிமிர்த்தவில்லை. கையை எடுத்துவிட்டு, இறங்கி உட்காரட்டும் என்று காத்திருந்தேன். எல்லாம் அடங்கியது. கூரை தரையாகியிருந்தது. கதவு என் காலடியில் இருந்தது. குனிந்து திறந்தேன்.

மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டி. கொடியில் துணி காய்ந்தது. ஒரு சின்ன மேசையில் ஆவி பறக்கிற தேநீர், அதைச் சுற்றி அப்போதுதான் எழுந்து போன மாதிரி நாற்காலிகள், சிரிப்புச் சத்தம். வீட்டுக்காரர்கள் எங்கும் போகவில்லை. இவ்வளவு நாளும் மேலே வெயில் காய்ந்துகொண்டு இருந்திருக்கிறார்கள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்னால் சிரிப்பீர்கள். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் ஒரு கதவைத் தானாகத் திறந்திருக்கிறான். யாரும் சொல்லவில்லை. யாரும் பெருமூச்சு விடவில்லை. இந்த மண்டை, இந்தச் சொந்த மண்டை, அது தானாகக் கண்டுபிடித்தது. பசி எங்கே போனது என்றே தெரியவில்லை. விருந்தாளி முறையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினேன்.

"உம்மு ராக்கான்! அவங்க போகவே இல்ல! மாடியிலதான் இருந்தாங்க!"

"யாரு?"

"வீட்டுக்காரங்க! நீ கேட்டுக்கிட்டே இருப்பியே, எங்க போனாங்கன்னு. வீட்டையே கவிழ்த்துட்டேன். நானே! தன்னந்தனியா!"

"அப்படியா!" கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "எப்படித்தான் தோணுச்சோ உங்களுக்கு! அந்த நீலப் போர்வை கொடியில காயுதே, அதையும் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் பார்த்தேன்," என்றேன். சந்தோஷத்தில் எனக்கு வாய் இருந்த அளவுக்குக் காது இல்லை.

அன்றைக்கு ஆறிப்போன மக்லூபாவை இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கதை முழுவதையும் அவளுக்குச் சொன்னேன். 'அப்புறம்? அப்புறம்?' என்று கேட்டாள். விருந்தறைச் சாவியை நானே, பேச்சுத் தவறாத ஆண்பிள்ளையாக, அவள் உள்ளங்கையில் வைத்தேன். மறுநாள் மாடிப்படியில் அபூ விசாம் என் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

"ஒரே ஒரு துப்பு குடுப்பா."

"சொன்னா உன் சந்தோஷம் போயிடும். யோசி. மூளைன்னு ஒண்ணு குடுத்திருக்கான் இல்ல?" என்று தோளைத் தட்டிவிட்டு இறங்கினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒருவருக்கு முன்னால் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. கரக்கிலிருந்து ருதைனாவின் அக்கா, தன் சம்பந்தி வீட்டாரோடு மதியம் வருகிறாள் என்று காலையில்தான் எனக்குத் தெரிந்தது. விருந்தறையில் உறைகள் எல்லாம் துவைத்து மாட்டியாகிவிட்டது. நான் குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கட்டடத்தில் குளியலறை ஜன்னல், அடுப்படி ஜன்னல் எல்லாம் நடுவில் இருக்கிற ஒரே காற்றுக் குழிக்குள் திறக்கும். கீழே தும்மினால் மேலே 'நூறு வயசு' என்பார்கள். மேல்வீட்டு உம்மு விசாமின் குரல் கேட்டது.

"உம்மு ராக்கான், எங்க வீட்டுக்காரர் இன்னும் அறைய விட்டு எழுந்திரிக்கல. அடுத்த வாரம் என் நாத்தனார் வர்றா. விருந்தாளிய வெளிய போன்னும் சொல்ல முடியல. நீ எப்படிக் கிளப்பின?"

"அதையேன் கேக்குற. எனக்கும் அக்கா வர்ற நாள் நெருங்கிடுச்சு. விளையாட்டு முடிஞ்சாத்தான எழுந்திரிப்பாரு? அவர் கடைக்குப் போனதும் இன்னொரு சாவியப் போட்டுத் திறந்து நானே ஆடிப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு, விட மனசு வரல. வழி தெரிஞ்சுது. ஆனா வாயத் திறந்து சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேனே."

சவரக் கத்தி என் தாடையில் நின்றது.

"அப்புறம்?"

"ஒரு மக்லூபா செய். அவர் கண்ணெதிர கவிழ்த்து. கொஞ்ச நேரம் சட்டிய எடுக்காத. அவரே கண்டுபிடிச்ச மாதிரி நினைச்சுக்குவாரு. குதிச்சுக்கிட்டு வந்து சொல்லும்போது மட்டும் சிரிச்சிடாத."

"அவ்வளவு போதுமா? புரியுமா அவருக்கு?"

"உங்க வீட்டுக்காரர் வங்கியில இருந்தவரு, ஒரு தடவை கவிழ்த்தாலே புரிஞ்சிடும். எங்க வீட்டுக்காரருக்குத்தான் எங்கப்பாவையே தலைகீழாத் தொங்கவிட வேண்டியதாப் போச்சு. அப்பவும் புரியல. துடைச்சு நேரா மாட்டினாரு."

குழி முழுக்க இரண்டு பெண்களின் சிரிப்பு ஏறி இறங்கியது. பாதி மழித்த முகத்தோடு அடுப்படி வாசலில் போய் நின்றேன். கோபமாகத்தான் போனேன். ஆனால் அவளைப் பார்த்ததும், இந்த ஒரு மாதமும் எனக்கு இல்லாமல் போனது 'அட' இல்லை, இவள்தான் என்று தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்லியும் விட்டேன்.

"எல்லாம் கேட்டேன். போகட்டும். ராக்கான் பெட்டியில இன்னொரு விளையாட்டு இருக்கு. அத நாம சேர்ந்தே ஆடலாம். நீ பக்கத்துல உக்காரு. என்ன வேணா சொல்லு."

ருதைனா என்னை அன்பாகத்தான் பார்த்தாள். நுரையைக் கைத்துண்டால் துடைத்துவிட்டாள்.

"அதுவா? அத நான் போன வாரமே முடிச்சிட்டேனே. நீங்க ஆடுங்க. நான் வாயத் திறக்கவே மாட்டேன்."

சொல்லிவிட்டு, கூடையிலிருந்து உரிக்காத வெங்காயம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, அக்காவை வரவேற்கப் போய்விட்டாள்.

அந்த வெங்காயத்தைத்தான் இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் புரியவில்லை.